கார்பரேட்டர் சென்னியப்பன் வண்டி

இருங்க, சாவியை அப்பொறம் வாங்கிக்கலாம். முதல்லயே சொல்லிப்போடறனுங்க, வண்டி ஸ்டார்ட் ஆகாது. ஈரோட்டுல இருந்து பஸ் ஏறி வந்திருக்கறீங்க, உங்ககிட்ட மறைச்சு விக்கோணும்னு எனக்குத் தலையெழுத்து இல்லை. செல்ஃப் அடிச்சா இஞ்சின் சுத்தும், நல்லாவே சுத்தும், ஆனாப் புடிக்காது. பெட்ரோல் வாசம் குப்புன்னு அடிக்கும், கொஞ்ச நேரத்துல பேட்டரி எறங்கிரும். ஒரு வருசமா இதே கூத்துத்தான்.

உக்காருங்க. அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக்குங்க. காப்பி வரும். எம் பொண்டாட்டி பாவாத்தா காப்பி நல்லாப் போடுவா, அதுல ஒண்ணும் குத்தஞ் சொல்ல முடியாது. மத்ததுல சொல்லலாம். அதை அப்பொறம் சொல்றேன்.

எம் பேரு சென்னியப்பன். கோயமுத்தூர்ல பழைய மெக்கானிக்கு யாரை வேணாக் கேட்டுப் பாருங்க, சென்னியப்பன்னா எந்தச் சென்னியப்பன்னு கேப்பாங்க. கார்பரேட்டர் சென்னியப்பன்னு சொன்னீங்கன்னா நேரா இந்த ஊட்டு வாசல்ல கொண்டாந்து உட்டுருவாங்க. கணபதியில பட்டறை வெச்சிருந்தனுங்க. கார்பரேட்டர் மட்டுந்தான். பிரேக்கு, கிளச்சு, டிங்கர் வேலை ஒண்ணும் தொடமாட்டேன். காத்தையும் பெட்ரோலையும் அளவாக் கலந்து இஞ்சினுக்கு ஊட்டற சாமானில்லைங்களா அது? கொளந்தைக்குச் சோறு ஊட்டறாப்புலதான். எச்சாப் போனாக் கக்கிரும், கம்மியாப் போனா அழுகும். அந்த அளவு இந்தக் கையில இருந்துச்சு. எங்கெங்கயோ பாத்துக் கைவிட்ட வண்டியெல்லாம் எங்கிட்ட வரும். ஒரு ஸ்குரூவைக் கால் சுத்துத் திருப்பி உடுவேன், மணியாட்டம் ஓடும்.

எங்க தொழில்ல ஒரு மொறை இருந்துச்சுங்க. இப்ப இருக்கற பசங்க ஒருத்தனே எல்லாத்தையும் நோண்டறான். எங்க காலத்துல அப்படி இல்லை. பெட்ரோல் எங்க வேலை. கரன்ட்டு கரன்ட்டுக்காரன் வேலை. காயிலு, டிஸ்ட்ரிபியூட்டரு, வயரு, இதுல நான் கை வெச்சா அவன் சோத்துல கை வெச்ச மாதிரி. எம் பட்டறைக்குப் பக்கத்துக் கடை சிக்கந்தர், ஆட்டோ எலக்ட்ரீசியன். வருசக்கணக்கா ஒரே டீயை ரெண்டாப் பிரிச்சுக் குடிச்சவங்க நாங்க. அவன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை நான் ஒருநாளும் தொறந்ததில்லை. எங் கார்பரேட்டர் ஸ்குரூவை அவன் ஒருநாளும் திருப்புனதில்லை. கரன்ட்டு சரியா இருக்குதுண்ணான்னு அவன் சொல்லிட்டான்னா, நான் மறு பேச்சுப் பேசமாட்டேன். நேரா எஞ் சாமானைக் கழட்டுவேன். அதுதான் மரியாதை.

இந்த ஃபியட்டு ஒரு மில்லுக்காரர் ஊட்டுல கோழி அடைஞ்சு கெடந்துச்சு. நான் வாங்கியாந்து எல்லாத்தையும் புதுசு பண்ணி, ஊட்டி, வால்பாறை, பழனின்னு போகாத எடமில்லை. எம் மக கோகிலா கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான். நான்தான் ஓட்டுனேன். அன்னைக்கே சொல்லிட்டேன், கோகிலாவுக்குப் பொண்ணு பொறந்து அவளுக்கும் கல்யாணம் ஆகறப்ப, மாப்பிள்ளையை நான்தான் இதுல வெச்சு ஓட்டிட்டு வருவேன்னு. மண்டபத்துல அத்தனை பேருக்கு முன்னால சொன்னனுங்க.

அதுக்கு வந்த கேடுதான் நான் சொல்லப்போறது.

போன வருசம் தை மாசம். நானும் பாவாத்தாளும் கோயலுக்குப் போயிட்டுத் திரும்பி வர்றோம். மாரியம்மன் கோயல் வளைவுல ஒரு மஞ்சச் சேலை. காயப் போட்டிருக்கறாங்கன்னு நெனச்சேன். அந்த வளைவுல எப்பவும் துணி காயப் போடுவாங்க, நீங்க வேணா போயிப் பாருங்க. கிட்டப் போனாத்தான் தெரியுது, பூக்காரி. ஓரமா நின்னு தலையில இருந்து கூடையை எறக்கிட்டு இருந்திருக்கறா. பம்பர் லேசாத் தட்டுச்சு. லேசாத்தானுங்க. மொழங்கை தேஞ்சுது, கூடை கவுந்துது, வேறொண்ணும் இல்லை. இதுக்கு ரோடே கூடிருச்சு. நான் கேக்கறேன், ஆளுன்னா அசையோணுமல்ல? காயப் போட்ட சேலையாட்டம் ஒரே எடத்துல நின்னா ஓட்டறவனுக்கு எப்படித் தெரியும்?

பாவாத்தா எறங்கி அவளைத் தூக்கி, ரோட்டுல கெடந்த பூவையெல்லாம் பொறுக்கிக் கூடையில போட்டா. மறுநாளு கண் டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனா. அவரு ஒரு லைட்டை அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு, சக்கரை கண்ணுக்குள்ள எறங்கிருச்சு, நடுப்பார்வை மங்கிருச்சு, இனித் திரும்பாது, வண்டி ஓட்டப்படாதுன்னாரு. எம் மருமகன் வயசு இருக்கும் அவருக்கு. அவரு பொறக்கறதுக்கு முந்தி நான் ஊட்டி மலையில பர்லியாறு வளைவெல்லாம் எறங்குனவன். எனக்கு ஓட்டப்படாதுன்னு இவரு சொல்றாரு! பேப்பர்ல எழுத்துத்தான் கொஞ்சம் பொடிசாத் தெரியுது. அதுவும் இப்ப மையைக் கொறைச்சுட்டாங்க, அச்சே சரியில்லை.

அன்னையில இருந்து ஊட்டுல ஓயாத அக்கப்போரு. ஏனுங், வண்டியை உட்டுருங், ஏனுங், ஒரு டிரைவரைப் போட்டுக்கலாமுங்ன்னு காலைலயும் பொழுதோடயும். என் வண்டியை இன்னொருத்தன் ஓட்ட நான் பின்னால உக்காந்துட்டு வரதா? ஒருநாளு சாவியைக் காணமுன்னா. எங்க போச்சுன்னு கேட்டா எலி தூக்கிட்டுப் போயிருக்குமுங்கறா. சாவியைத் தூக்கிட்டுப் போயி எலி என்னங்க பண்ணும்? நான் பூட்டுக்காரனைக் கூட்டியாந்து வேற சாவி போட்டுட்டேன். அப்ப அவ வந்து நின்னா, கையில காப்பி டம்ளரோட. நான் அவகிட்ட ஒரே பேச்சாச் சொல்லிப்போட்டேன்.

"பாவாத்தா, ஓடற வண்டியை நான் உடமாட்டேன். அது நின்னுச்சுன்னா உட்டுடறேன். போதுமா?"

அவ டம்ளரை வெச்சுட்டு உள்ள போயிட்டா. எனக்கு நல்ல வாய் இல்லைங்க. சொன்ன வாரத்துலயே வண்டி நின்னு போச்சு.

அதுல இருந்து நான் பண்ணாத வேலை இல்லை. முதல்ல சிக்கந்தரைத்தான் கூப்புட்டேன், மொறைன்னு ஒண்ணு இருக்குதுல்லைங்களா. வந்தான். காயில் வயரை எடுத்து இஞ்சின்கிட்டப் புடிச்சான். டிக்கு டிக்குன்னு சத்தம் நல்லாக் கேட்டுச்சு. பிளக்கைக் கழட்டி பாடியில வெச்சும் காட்டுனான். வெயில்ல எனக்குப் பொறி சரியாத் தெரியலை. வருதாப்பான்னு கேட்டேன். வருதுண்ணான்னான். கரன்ட்டு சுத்தமா இருக்குதுண்ணா, உங்க பக்கந்தான் ஏதோன்னு சொன்னான். அவன் சொல்லிட்டா அதுக்கு மேல என்ன இருக்குது? டீ குடிச்சுட்டுப் போடான்னேன். வேண்டாங்கண்ணா, வயிறு சரியில்லைன்னு போயிட்டான். நோன்பு காலங்கூட இல்லை. எங்கூட டீ குடிக்காமப் போனது அன்னைக்குத்தான் முதல் தடவை.

சரி, கரன்ட்டு இருக்குது. பிளக்கைக் கழட்டுனா நனைஞ்சு சொதசொதன்னு கெடக்குது. அப்ப என்ன அர்த்தம்? ஓவர்ஃப்ளோ. பெட்ரோல் எச்சாப் போகுது. பச்சக் கொளந்தை சொல்லும் இதை. மிதவையைக் கழட்டுனேன், தண்ணியில அமுத்திப் பாத்தேன், பொத்தல் இல்லை. ஊசி மாத்துனேன். கேஸ்கெட்டு புதுசா வெட்டிப் போட்டேன். பெட்ரோல் பம்புல டயாபரம் மாத்துனேன். டேங்கையே எறக்கிக் கழுவுனேன். உக்கடத்துப் பழைய சாமான் கடையில இன்னும் ரெண்டு கார்பரேட்டர் வாங்கியாந்து மூணுலயும் நல்லதா எடுத்துச் சேத்தி ஒண்ணு பண்ணேன். அடிச்சா, சுத்துது, சுத்துது, சுத்திட்டே இருக்குது.

இந்த ஜெட்டுன்னு ஒண்ணு இருக்குதுங்க. பித்தளையில சின்னதா, நடுவால மயிரு நொழையற ஓட்டை. அதுல தூசி அடைச்சா எல்லாம் போச்சு. கழட்டி சூரியனுக்கு நேராப் புடிச்சுப் பாக்கோணும். ஓட்டையில வெளிச்சம் பொட்டாத் தெரிஞ்சா அடைப்பில்லை. நான் புடிச்சுப் பாத்தா வெளிச்சமே தெரியலைங்க. ஊதுனேன். மறுபடி பாத்தேன், தெரியலை. பெட்ரோல்ல ஊறப் போட்டு ஊதுனேன், தெரியலை. பாவாத்தாளைக் கூப்பிட்டுக் குடுத்தேன். ஒரு கண்ணை மூடிட்டுப் பாத்தா. தெரியுதுங், வெளிச்சம் நல்லாத் தெரியுதுங்கறா. உனக்கென்னடி தெரியும், சட்டுவத்து ஓட்டையா இதுன்னு புடுங்கிட்டேன். புது ஜெட்டு வாங்கியாந்தேன். அதுலயும் வெளிச்சம் தெரியலை. இப்ப வர்ற சாமானெல்லாம் அந்த லட்சணந்தான், ஓட்டையே போடாம வித்துப்போடறானுங்க.

சிரிக்காதீங்க. சிரிக்கற சமாச்சாரம் இன்னும் வரலை.

ஆவணியில பேத்திக்குக் கல்யாணம். கோகிலா மக மிதுனா. மருமகன் வந்து, மாமா, நீங்க ஓட்ட வேண்டாம், வண்டியை மட்டும் குடுங்க, டிரைவர் போட்டுக்கலாம்னாரு. நான் உடலை. கார்பரேட்டரை மூணு தடவை பிரிச்சு மாட்டி, வண்டியைத் தொடைச்சு, மல்லிகைச் சரம் கட்டி, பொழுதெறங்கப் பட்டு வேட்டியோட உள்ள உக்காந்து செல்ஃப் அடிச்சேன். சுத்துச்சு. அடிச்சேன். சுத்துச்சு. மருமகன் ஊட்டு ஆளுங்க பட்டுச் சட்டையோட தள்ளுனாங்க. தெரு முக்கு வரைக்கும் தள்ளுனாங்க. வேர்த்து ஊத்தி, ஒருத்தன் சந்தனமெல்லாம் கரைஞ்சு சட்டையில ஒழுகுது. பிள்ளையார் கோயல்ல மாப்பிள்ளை மாலையோட காத்துட்டு நிக்கறாரு, மேளக்காரங்க அடிக்கறதை நிறுத்திட்டாங்க. அப்ப மாப்பிள்ளைக்குப் பெரியப்பன் ஒருத்தன், ஊரு கேக்கறாப்புலச் சொன்னான்.

"கார்பரேட்டர் சென்னியப்பன் வண்டியே கார்பரேட்டர்ல நின்னு போச்சாமா!"

அத்தனை சனமும் சிரிச்சுதுங்க. மேளக்காரன் சிரிச்சான். எங் கோகிலாகூட முந்தானையில வாயை மூடிட்டா. வெள்ளைக் கலர்ல ஒரு வாடகை வண்டி வந்துச்சு, மாப்பிள்ளை அதுல ஏறிப் போயிட்டாரு. தெரு முக்குல மல்லிகைச் சரத்தோட நானும் இந்த வண்டியும் நின்னோம்.

மறுநாளு முகூர்த்தத்துக்கு நான் போகலை. தாலி கட்டறதை நான் பாக்கலை. எம் பேத்தி கல்யாணமுங்க, ஒரே பேத்தி. இந்த ஷெட்டுலதான் உக்காந்திருந்தேன். வந்து கூப்பிட்டாங்க, எந்த மூஞ்சியை வெச்சுட்டுப் போறது? பாவாத்தா மட்டும் போனா. போகும்போது அங்க, அந்த வாசக்கால்கிட்ட நின்னு தேம்பித் தேம்பி அழுகறா. எதுக்கு அழுகறேன்னு கேட்டேன். புகை கண்ணுல பட்டுதுங்கன்னா. எந்தப் புகை? வண்டிதான் ஸ்டார்ட்டே ஆகலையே.

அன்னையில இருந்து இதைப் பாத்தாலே எனக்கு வவுறு எரியுது. சோறு போட்ட தொழில், கடைசியில எம் மூஞ்சியிலயே காறித் துப்பிருச்சு. வித்துத் தொலைச்சர்றேன்னு சொன்னேன். பாவாத்தா சரிங்கன்னா. ஒரு வார்த்தை தடுக்கலை. மனுசனுக்கு ஒரு வார்த்தை தடுக்கோணும்னு இருக்காதுங்களா? நீங்க வர்றதாப் போன் பண்ணுனீங்கன்னதும் நேத்து சிக்கந்தரை வரச்சொல்லியிருக்கறா, வாங்க வர்றவங்களுக்காக ஒருவாட்டி பாத்துரட்டும்னு. வந்தான், பானட்டைத் தொறந்து ஏதோ தொட்டான், டப்புன்னு மூடிட்டான். என்னடா பாத்தேன்னு கேட்டா, ஒண்ணுமில்லைண்ணா, மன்னிச்சுக்குங்கண்ணான்னுட்டுப் போறான். கரன்ட்டுக்காரன் எதுக்குங்க மன்னிப்புக் கேக்கோணும்? பெழை கார்பரேட்டர்ல இருக்கறப்ப?

சரி, காப்பியைக் குடிச்சுட்டீங்கல்ல. இந்தாங்க சாவி. உக்காந்து நீங்களே அடிச்சுப் பாருங்க, அப்பத்தான் நான் சொன்னது உண்மைன்னு தெரியும். சோக்கைப் பாதி இழுங்க. பாதி போதும். ஆக்சிலேட்டரை மிதிக்காதீங்க. ம், இப்ப அடிங்க.

அட.

அட, அடங்க உடாதீங்க! சோக்கை உள்ள தள்ளுங்க, மெதுவா, மெதுவா. கேக்குதுங்களா? மாரியாத்தா! ஒரே சுத்துல புடிச்சுதே! இந்த ஐடிலிங்கைக் கேளுங்க, ஒரு நடுக்கம் இருக்குதா? நான்தான் சொன்னேனே, கார்பரேட்டர்னு. போன வாரம் கடைசியா அந்த ஜெட்டை ஒருவாட்டி ஊதி மாட்டுனேன், அந்த அடைப்புத்தானுங்க, ஊறி ஊறி இன்னைக்கு உட்டிருக்குது. ஒரு வருசம், ஒரு வருசம் என்னைப் படுத்தி எடுத்துருச்சு.

எறங்குங்க. தப்பா நெனச்சுக்காதீங்க, நான் இதை விக்கறாப்புல இல்லை. பஸ்ஸுக்கு நான் குடுத்தர்றேன். எறங்குங்க, நான் உக்காரோணும். நீங்க இந்தப் பக்கமா வந்து ஏறிக்குங்க, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். முதல்ல அந்தப் பெரியப்பன் ஊட்டு வழியாப் போகோணும், ஹாரனை அடிச்சுட்டே போகோணும். அப்பொறம் கோகிலா ஊட்டுக்கு. ஏன் நிக்கறீங்க? ஏறுங்க. கியர் போட்டுட்டேன்.

கேட்டு தொறந்துதான் இருக்குது. தூணு ரெண்டும் எனக்கு நல்லாத் தெரியுது. நடுவால என்னமோ செவப்பா... பாவாத்தாளுக்கு அறிவே இல்லைங்க, கேட்டுல கொண்டாந்து சேலையைக் காயப் போட்டிருக்கறா. பாவாத்தா! அடி பாவாத்தா! அந்தச் சேலையை எடு, வண்டி வருது!

என்ன சொல்றா?

சேலை இல்லீங்க, நான்தான் நிக்கறேங்கறா.

இருங்க. ஸ்டீரிங்குல இருந்து கையை எடுங்க, நானே நிறுத்திட்டேன். நிறுத்திட்டனுங்க.

பாவாத்தா, நேத்து சிக்கந்தர் என்னத்தை மாத்திட்டுப் போனான்? சொல்லு. இவரு இருந்தா இருக்கட்டும், சொல்லு.

கேட்டுக்குங்க, நீங்களும் கேட்டுக்குங்க. டிஸ்ட்ரிபியூட்டருக்குள்ள ரோட்டார்னு ஒரு சின்னச் சாமான், கரன்ட்டை ஒவ்வொரு பிளக்குக்கா அனுப்பறது. அதுல கீறல் விட்டதாப் பாத்து ரெண்டு பேருஞ் சேந்து ஒண்ணை மாட்டி வெச்சிருக்கறாங்க. பாத்தா நல்லதாட்டத்தான் இருக்குமாம். பிளக்குக்குப் பொறியே போகாதாம். நல்லதை ஒரு வருசமா மஞ்சத்தூள் டப்பாக்குள்ள போட்டு வெச்சிருந்தாளாம். வாங்கறவருக்காச்சும் ஓடட்டும்னு நேத்து எடுத்துக் குடுத்தாளாம். நான் அந்த மூடியைத் தொறக்கமாட்டேன்னு அவளுக்குத் தெரியும். சிக்கந்தர் சொன்னா நம்புவேன்னும் தெரியும்.

நீங்கதானுங்க சொன்னீங்க, வண்டி நின்னா உட்டுடறேன்னுங்கறா.

ஊரே சிரிச்சுதே பாவாத்தா. தாலி கட்டறதை நான் பாக்கலையே.

அதுக்கும் பதில் வெச்சிருக்கறா பாருங்க. வண்டிக்குள்ள மாப்பிள்ளை, ரோடெல்லாம் சனம், கொளந்தைக. உங்க பேரா, அவங்க உசுரான்னு பாத்தனுங், உங்க பேரு போனாப் போகட்டும்னு உட்டுட்டனுங்கறா. அழுதுட்டே சொல்றா. நான்தானுங்க அழுகோணும்.

இப்பவும் பாருங்க, நகரமாட்டேங்கறா. நான் கியர் போட்டனே, அப்பவும் நகரலை.

உங்களுக்கு ஒண்ணு மட்டும் சொல்றேன். கார்பரேட்டர்ல ஒரு குத்தமும் இல்லை. அது நான் செட் பண்ணுனது, யாரும் ஸ்குரூவைத் திருப்பாதீங்க. இந்தாங்க சாவி, வெச்சுக்குங்க. வெலையெல்லாம் அவகிட்டப் பேசிக்குங்க. நான் உள்ள போறேன், இது போறதை நான் பாக்கோணும்னு இல்லை, பாத்தாலும் எனக்கென்ன தெரியப்போகுது.

வெளிய எடுக்கும்போது மட்டும் பாத்து எடுங்க. கேட்டுகிட்ட ஆளு நிக்குது.